அண்ணி வீட்டுக்குள் விடாத காந்தம்

எங்கள் தெருவில் என் அண்ணியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "காந்தக்காரம்மா" என்பார்கள். குறும்பு பிடித்தவர்கள், "அந்தம்மா வர்ற பக்கம் நிக்காதீங்க, தோடு மூக்குத்தியெல்லாம் கழண்டு போயிடும்" என்று என் கடை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே கேலி செய்வார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ரகம் இல்லை. "தங்கம் காந்தத்துல ஒட்டாது. கவரிங் போட்டிருந்தா மட்டும் பயப்படுங்க" என்று சொல்லிவிட்டு, கத்திரியைக் காதோரமாக ஒரு தரம் சத்தமாகத் தட்டுவேன். அதோடு அடங்கிவிடுவார்கள்.

எங்கள் வீட்டு முன்னறைதான் என் கடை. பெண்களுக்கு முடி வெட்டுவேன், சாயம் போடுவேன். ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, தட்டு நிறையக் கொண்டை ஊசிகளும் கிளிப்புகளும். அதற்குப் பின்னால் அப்பாவின் அறை. அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அதற்கும் பின்னால் அடுக்களை, அண்ணன் அண்ணி அறை. அண்ணன் ஊர் ஊராக லிஃப்ட் பொருத்தப் போகிறவன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். ஆக வீட்டில் எப்போதும் இருப்பவர்கள் அப்பா, அண்ணி, நான். அம்மாவும் இருந்தாள், போன மழைக்காலம் வரைக்கும்.

அண்ணி வேலை பார்க்கிற கடை, இரும்புச் சாமான் விற்கிற தெருவின் கடைக்கோடியில் இருக்கிறது. காந்தம் மட்டுமே விற்கிற கடை. பள்ளிக்கூடத்தில் பார்த்த சிவப்பு லாடக் காந்தம் இல்லை இது. நியோடைமியம் என்று பெயர். வெள்ளிக்காசு மாதிரி, மிட்டாய் மாதிரி, சோப்புக் கட்டி மாதிரி, பளபளவென்று இருக்கும். கையில் எடுத்தால் சாது. இன்னொன்று கிட்டே வந்தால்தான் அதன் சுபாவம் தெரியும். அண்ணியின் இடது கை மோதிர விரல் நுனி தட்டையாக, நகம் இல்லாமல் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு கட்டிகள் அந்த விரலை நடுவில் வைத்துக்கொண்டு ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டனவாம்.

ஒரே ஒரு தடவை அந்தக் கடைக்குள் போனேன். போதும்டா சாமி என்று ஆகிவிட்டது. ஜன்னல் இல்லாத நீளமான அறை. மரத்தால் ஆன மேசை, மர அலமாரி, மர ஸ்டூல். ஒரு இரும்பு ஆணிகூட வெளியே தெரியாது. பிளாஸ்டிக் சட்டம் போட்ட தடித்த மூக்குக்கண்ணாடியும் தோல் கையுறையும் மாட்டிக்கொண்டு, அண்ணி ஒரு கட்டியை இன்னொன்றின் மேலிருந்து மேசை விளிம்பில் வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பிரித்துக்கொண்டிருந்தார். இழுத்துப் பிரிக்கவே கூடாதாம். பிரித்ததும் நடுவில் ஒரு மரத்துண்டை வைத்துவிட வேண்டும். நான் என் கைப்பையை மேசை மேல் வைத்தேன். பேசிக்கொண்டே இருக்கும்போது அது மெல்ல, யாரோ காதைப் பிடித்து இழுக்கிற மாதிரி, தானாக நகர்ந்து போனது. உள்ளே என் கத்திரி இருந்தது.

"எடு அதை, எடு" என்றார் அண்ணி, குரலை உயர்த்தாமல். "மெதுவா. வெடுக்குன்னு இழுக்காதே."

பையை இரண்டு கையாலும் பிடித்து, அங்குலம் அங்குலமாக விலக்கி, மடியில் வைத்துக்கொண்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, அண்ணி வியாபாரம் செய்கிற அழகே தனி. வருகிறவன் எவனாக இருந்தாலும், "இருக்கறதுலயே பலமானதாக் கொடுங்க" என்றுதான் ஆரம்பிப்பான்.

"எதைத் தொங்கவிடப் போறீங்க?"

"சாவிக்கொத்து."

"சாவிக்கொத்துக்கு எதுக்குங்க கப்பல் நங்கூரம்? இந்தச் சின்னது போதும். அடுப்புப் பக்கத்துல மாட்டாதீங்க, சூடு ஏறினா இதுக்குப் பலம் போயிடும், திரும்ப வராது. வெயில்லயும் மழையிலயும் வைக்கிறதா இருந்தா ரப்பர் உறை போட்டதை எடுத்துக்கோங்க, மேல்பூச்சு உரிஞ்சா துருப்பிடிச்சு உதிர்ந்திடும். கீழ போடாதீங்க, பார்க்கத்தான் இரும்பு, பீங்கான் மாதிரி உடையும். உடைஞ்சா சில்லு கண்ணுக்குத்தான் வரும்."

அதற்குப் பிறகு இரண்டு கேள்விகள் கேட்பார். அதற்குப் பதில் வராமல் பொட்டலம் கை மாறாது. "வீட்டுல சின்னக் குழந்தை இருக்கா? நெஞ்சுல மெஷின் வெச்சவங்க யாராவது இருக்காங்களா?" முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அண்ணி காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். பிடித்தால் உடும்புப் பிடி.

அன்றைக்கு நான் அங்கே இருக்கும்போதே ஒரு பெண், தன் பிள்ளைக்கு விளையாட என்று மணி மணியாக உருண்டைக் காந்தம் கேட்டு வந்தாள். அண்ணி தர முடியாது என்றார். அவள் கோபித்துக்கொண்டாள். அப்போது அண்ணி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ரெண்டு மணியை முழுங்கிட்டாப் போதும்மா. ஒண்ணு குடல்ல ஒரு மடிப்புல இருக்கும், இன்னொண்ணு அடுத்த மடிப்புல. ரெண்டும் ஒண்ணையொண்ணு தேடிக்கும். நடுவுல இருக்கறது புள்ளையோட சதைன்னு அதுங்களுக்குத் தெரியாது." அந்தப் பெண் எதுவும் வாங்காமல் இறங்கிப் போனாள்.

அம்மா போன பிறகு அப்பாவுக்கு நெஞ்சுத் துடிப்பு மந்தமாகிக்கொண்டே வந்தது. நின்றால் கண் இருட்டும். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கர் வைத்தார்கள். துடிப்பு குறைகிற நேரம் பார்த்து அது தட்டிக் கொடுக்குமாம். அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கே ஒரு கண்டக்டரைப் போட்டுட்டாங்க. விசில் அடிச்சாத்தான் வண்டி நகருது" என்றார்.

அண்ணி சிரிக்கவில்லை. கடையில் இத்தனை நாளாக மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி சொந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றையிலிருந்து வீட்டில் ஒரே கெடுபிடி. கடை உடுப்பைக் கடையிலேயே மாற்றிவிட்டுத்தான் வருவார். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பொம்மைகள் போயின. அலமாரிக் கதவைப் பிடிக்கிற காந்தங்களைத் திருகிக் கழற்றினார். அண்ணனின் கைப்பேசி உறை, என் கைப்பை மூடி, பழைய ரேடியோ ஸ்பீக்கர், ஒன்று விடவில்லை. கடைசியில் ஒரு திசைகாட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். காந்தம் இருந்தால் முள் வடக்கை மறந்து அந்தப் பக்கம் திரும்பும்.

"என்ன அண்ணி, புதையல் எடுக்கறீங்களா?" என்றேன்.

"வாயாடி, நீ கொஞ்சம் நகரு. உன் கத்திரிக்கு முள் ஆடுது."

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துழாவிய வீட்டில்தான் அது நடந்தது.

ஒரு மத்தியானம் வாடிக்கையாளர் யாரும் இல்லை. அப்பாவின் அறைக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம். யாரோடு பேசுகிறார்? கைப்பேசி அடுக்களையில் இருந்தது. காதை வைத்துக் கேட்டேன். குரல் தாழ்ந்து, கொஞ்சலாக இருந்தது. அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"இன்னைக்கு ஏன் இவ்வளவு நேரம்? நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

கதவைத் தட்டினேன். உள்ளே சரசரவென்று ஏதோ சத்தம். கொஞ்சம் பொறுத்துத்தான் "வா" என்றார். ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். முகம் சிவந்து, கண் பளபளத்தது.

"யார்கிட்டப்பா பேசினீங்க?"

"உங்கம்மாகிட்ட."

கட்டில் நுனியில் உட்கார்ந்துவிட்டேன்.

"பயப்படாதே. தினம் வர்றா. அவ வந்தா எனக்கு நெஞ்சு ஓட ஆரம்பிச்சிடும். அந்தக் காலத்துல அவ வேலை பார்த்த தறிக்கூடத்து வாசல்ல வண்டியை நிறுத்திட்டு நிப்பேன் பாரு, அவ வெளிய வர்றப்போ ஓடுமே, அந்த ஓட்டம். அவ போனா பழையபடி மந்தமாயிடும். கை வெச்சுப் பாத்துத்தான் சொல்றேன், கற்பனை இல்லை."

தலைமுடியை அவிழ்த்து முடிந்துகொண்டேன், கை சும்மா இருக்க முடியாமல். கொண்டை ஊசி ஒன்று நழுவிப் படுக்கை மேல் விழுந்தது.

விழவில்லை. நின்றது. விரிப்பின் மேல், இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, நட்டுவைத்த மாதிரி எழுந்து நின்றது.

"பாத்தியா?" என்றார் அப்பா, அமைதியாக.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று கேட்காதீர்கள். அண்ணிக்குப் போன் போட்டேன். அவர் பாதி வேலையில் கிளம்பி, உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். திசைகாட்டியைப் படுக்கை மேல் வைத்தார். முள் ஒழுங்காக வடக்கைக் காட்டியது. தலையணை, நாற்காலி, ஜன்னல், எங்கும் ஒன்றுமில்லை. கொண்டை ஊசியை நானே அதே இடத்தில் போட்டுக் காட்டினேன். அது பெட்டிப் பாம்பாகப் படுத்துக்கொண்டது.

மூலையில் அம்மாவின் இரும்பு பீரோ இருக்கிறது. அதன் பக்கம் போனபோது மட்டும் முள் வெடுக்கென்று திரும்பியது. திரும்பி, ஆடாமல், விறைத்து நின்றது.

"அண்ணி!"

"பீரோ இரும்புடி. இரும்புப் பக்கம் முள் போகத்தான் செய்யும். இதைப் பாத்துப் பயந்தா நான் அந்தக் கடையில வேலை பாக்க முடியுமா?" என்று சொல்லித் திசைகாட்டியை மூடிவிட்டார். காந்தம் பற்றித் தெரியாத யாராவது பார்த்திருந்தால் அந்த பீரோவைத் திறந்து பார்த்திருப்பார்கள்.

அடுத்த வாரமே அப்பா விழுந்தார். அதே மத்தியான வேளை. தொப்பென்ற சத்தம் கேட்டு ஓடினேன். பீரோவுக்கு முன்னால் குப்புறக் கிடந்தார். கைக்குள் பீரோச் சாவி. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்து, "போகாதேன்னு சொன்னேன், கேக்கலை" என்றார். எனக்கு அழுகை வந்தது. அம்மா வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன். அம்மா மேலேயே கோபம் வந்தது. "இன்னும் கொஞ்ச நாள் எங்ககூட விட்டு வையேம்மா, உனக்கு என்ன அவசரம்" என்று அந்த அறைச் சுவரைப் பார்த்துச் சத்தம் போட்டேன். கேட்டவர்கள் யாராவது இருந்தால் எனக்குத்தான் வைத்தியம் பார்த்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். முன்பெல்லாம் பரிசோதனைக்கு அண்ணன்தான் கூடப் போவான்; தன் மேல் தூசியாகவாவது காந்தம் ஒட்டியிருக்குமோ என்று அண்ணி அந்த வாசலையே மிதித்ததில்லை. இந்தத் தடவை தலைக்குக் குளித்து, துவைத்த உடுப்பு உடுத்தி, உள்ளேயே வந்தார். மெஷினைப் பார்க்கிற பெண் சின்னவள், கலகலப்பாகப் பேசினாள். அப்பாவைப் படுக்கவைத்து வயர்களை ஒட்டினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காலி ஸ்டூல் கிடந்தது. பிறகு இழுப்பறையிலிருந்து தடித்த வளையம் ஒன்றை எடுத்தாள்.

"இது காந்தம், தாத்தா. இதை மேல வெச்சா, மெஷின் உங்க துடிப்பைக் கவனிக்கறதை விட்டுட்டுத் தன் பாட்டுக்கு ஒரே வேகத்துல அடிக்கும். எடுத்தா பழையபடி ஆயிடும். கொஞ்சம் படபடன்னு இருக்கும், பயப்படாதீங்க."

வளையத்தை அப்பாவின் நெஞ்சில் வைத்தாள். திரையில் கோடுகள் நெருங்கி ஓட ஆரம்பித்தன.

அப்பாவின் முகம் மலர்ந்தது. தலையைத் திருப்பி அந்தக் காலி ஸ்டூலைப் பார்த்தார்.

"வந்துட்டியா? இங்ககூட வழி விசாரிச்சுக்கிட்டு வந்துட்டியா?"

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வளையத்தை எடுத்தாள். அப்பாவின் முகம் வாடியது. "போயிட்டா" என்றார்.

அண்ணியைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னொரு தடவை வைங்க" என்றார் அந்தப் பெண்ணிடம்.

வைத்தாள். "திரும்ப வந்துட்டா" என்றார் அப்பா. எடுத்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் பெண் எங்களை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னாள். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் காந்தம் எதையாவது நெஞ்சுப் பக்கத்தில் அடிக்கடி, நெடுநேரம் வைத்துக்கொண்டால் சொந்தத் துடிப்பும் மெஷின் துடிப்பும் ஒன்றோடொன்று மோதும். தலை சுற்றும், விழுவார். அபூர்வமாக, விழுந்தவர் எழுந்திருக்காமலும் போகலாம். "வீட்டுல அப்படி ஏதாவது இருக்கா?"

"என் வீட்டுல இருக்காது" என்றார் அண்ணி. சொல்லும்போதே அந்தக் குரலில் பலம் இல்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் அப்பா முன்னிருக்கையில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் கியர் போடுவதைக் குறை சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணி என் காதில், "வீட்டுல காந்தம் இருக்கு" என்றார். பேய் இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட நான் அந்த அளவுக்குப் பயந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அப்பாவின் அறைக்குப் போனார்.

"மாமா, பீரோச் சாவியைக் கொடுங்க."

"அதுல உங்க அத்தை துணிதான் இருக்கு."

"அத்தை துணியெல்லாம் இவ மூட்டை கட்டிக் கொடுத்துட்டாளே."

அது உண்மை. பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சலாக இருக்கிறது என்று நான்தான் எல்லாவற்றையும் கட்டித் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. அப்பா என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"ஒண்ணை எடுத்து வெச்சுக்கிட்டேன். அதை மட்டும் கேக்காதேம்மா."

"மாமா, நீங்க இல்லாமப் போயிட்டா நாங்க என்ன பண்ணுவோம்? திறங்க."

அண்ணி அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அப்பா எழுந்து போய்ச் சாவியைப் போட்டார். கதவு கிறீச்சென்று திறந்தது. கதவு திறக்கத் திறக்க, அதன் உள்பக்கத்தில் நின்றபடி அம்மா வெளியே வந்தாள்.

"அம்மா!" என்று அலறிவிட்டேன்.

அம்மாவின் அரக்கு நிற ஸ்வெட்டர். ஹேங்கர் இல்லை, ஆணி இல்லை, கயிறு இல்லை. பட்டனெல்லாம் போட்டு, தோள் நிமிர்ந்து, வெறும் இரும்புக் கதவில் நேராக நின்றது. கைகள் இரண்டும் லேசாக ஆடின. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

"இப்படித்தான் நிக்கறா" என்றார் அப்பா. "உள்ள வெச்சாப் போதும், தானாப் போய் ஒட்டிக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டு நிப்பா. மத்தியானம் எடுத்து நெஞ்சுல சாத்திப்பேன். அன்னைக்கு இவ வந்து தட்டினப்போ விரிப்புக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். நீ வந்து சேர்றதுக்குள்ள திரும்ப பீரோவுக்குள்ள வெச்சுட்டேன்."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தட்டையான விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"நான் தைச்சதுதான்" என்றார். "அத்தைக்குக் கடைசி ரெண்டு வருஷமா விரல் மடங்கலை. பட்டன் போட வரலை. அதான் பட்டனை மேல அலங்காரத்துக்குத் தைச்சுட்டு, பின்னாடி ரெண்டு ஓரத்துலயும் துணிப்பை மாதிரி தைச்சு, மெல்லிசாக் காந்த வில்லை வெச்சேன். சின்னதுதான், ஆனா நல்ல பலம், கம்பளி தடிமனா இருக்குமேன்னு பாத்துப் பாத்து எடுத்தேன். கிட்ட கொண்டு போனா தானா மூடிக்கும். அப்போ வீட்டுல யார் நெஞ்சுலயும் மெஷின் இல்லை."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"அத்தைதான் சொல்லக் கூடாதுன்னாங்க. 'ஊர்ல இருக்கற தலையெல்லாம் அவ கையில. இன்னைக்குச் சொன்னா நாளைக்குத் தெரு முழுக்கத் தெரிஞ்சிடும், இவளுக்குப் பட்டன் போடக்கூட வரலைன்னு.'"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது. அம்மா என்னை அளந்துதான் வைத்திருந்தாள்.

"வீடு முழுக்கத் தேடினேனே" என்று அண்ணி தன்னையே திட்டிக்கொண்டார். "ஸ்பீக்கர் வரைக்கும் ஞாபகம் வந்துச்சு, இது வரலை. இதை நான் காந்தமாவே நினைக்கலை. அத்தையோட பட்டன்னுதான் மனசுல இருந்துச்சு. முள் விறைச்சு நின்னப்போகூட பீரோதானேன்னு விட்டுட்டேன். எனக்குத் தெரியாதா? வெறும் இரும்புக்கு முள் அப்படி விறைக்காது."

என் கத்திரியை நீட்டினேன். கிட்டே போனதும் அது என் கையிலிருந்து எகிறி ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டது. அண்ணி, கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பித்தளைக் கத்தியால் தையலைப் பிரித்தார். ஒவ்வொரு வில்லையாக வெளியே எடுத்து, மரப்பலகையில் தள்ளித் தள்ளி வைத்து, இடையில் அட்டை செருகினார். அப்பா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அண்ணி பலகையைப் பார்த்தார். முகம் மாறியது. ஸ்வெட்டரின் வலது ஓரத்திலிருந்து எடுத்ததைவிட இடது ஓரத்திலிருந்து எடுத்ததில் ஒரு வில்லை குறைந்தது. அந்த ஓரத்தின் அடியில் ஒரு துணிப்பை, முன்பே பிரிக்கப்பட்டு, வெறுமையாக இருந்தது.

அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பலகையைத் தூக்கிப் போய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். திசைகாட்டியைத் திறந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பீரோவை விட்டு விலகி, அறை நடுவில் நின்றார். முள் ஆடியது, வடக்கைத் தேடியது. ஓரடி, இன்னொரு அடி. ஜன்னல் பக்கம் போகப் போக அது மெல்லத் திரும்பி விறைத்தது. அப்பாவைக் காட்டி நின்றது.

அப்பாவின் கை சட்டைப் பைக்குள் இருந்தது. இடது பக்கப் பை. மெஷின் இருக்கிற பக்கம். மூச்சு வேகமாக வந்தது, நெற்றியில் வியர்வை. முகம் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"இப்போ பக்கத்துலதான் இருக்கா" என்றார்.

நான் பாயப் போனேன். அண்ணி கையை நீட்டி என்னைத் தடுத்தார். அப்பாவின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"மாமா. கொடுத்துடுங்க."

"இதையும் எடுத்துட்டா அவ எப்படிம்மா வழி கண்டுபிடிப்பா? நெஞ்சு ஓடலைன்னா அவ வந்திருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அது மெஷின் ஓடுறது" என்று அண்ணி சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் கண்ணால் பார்த்தோமே. வாடிக்கையாளருக்கு விவரம் சொல்லாமல் ஒரு பொட்டலம் கொடுக்காத மனுஷி. அவர் அதைச் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியக் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். "நீங்க வேணும் மாமா எங்களுக்கு. எனக்கு அப்பா கிடையாது, உங்களுக்கே தெரியும்."

அப்பா வெகுநேரம் அவரைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து வில்லையை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார். வைத்த அடுத்த நொடியே அவர் தோள் தளர்ந்து போனதைப் பார்த்தேன்.

"அவகிட்ட நீயே சொல்லிடு. என்னால முடியாது" என்றார்.

அண்ணி எழுந்தார். வில்லையை வெளியே பலகைக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பினார். அடுக்களையிலிருந்து ஒரு மர நாற்காலியைத் தூக்கி வந்து, அப்பாவுக்கு எதிரே, தன் கையால் முழம் போட்டு அளந்து தள்ளிப் போட்டார். ஸ்வெட்டரை அதன் முதுகில் போட்டு, விரலால் ஒவ்வொரு பட்டனாகத் தடவி நேராக்கினார். கண்ணுக்குத் தெரியாத எதையும் நம்பாதவர் என்றுதான் அண்ணியைப் பற்றி நினைத்திருந்தேன். பிறகுதான் தோன்றியது, அவர் பிழைப்பே கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடுதானே. கடையில் பேசுகிற அதே குரலில், நிதானமாக, அந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்:

"அத்தை, இனிமே இங்க உக்காருங்க. இதுக்கு மேல கிட்ட வந்தா மாமாவுக்கு ஆகாது. தள்ளி இருந்தா பிடிப்பு விட்டுடும்னு நினைக்காதீங்க. கண்ணுக்குத் தெரியாட்டியும் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். அது எனக்குத் தெரியும்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு அப்பா விழவில்லை. மெஷின் பார்க்கிற பெண் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறாள். வளையத்தைக் கையில் எடுக்கும்போது மட்டும் ஸ்டூலை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறாள். அண்ணி கடையில் இப்போது மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்கிறார்: "எங்கயாவது தைச்சு, ஒட்டி, மறந்து போன காந்தம் ஏதாவது வீட்டுல இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க." முதலாளி தலையில் அடித்துக்கொள்வதை நிறுத்தவில்லை.

மத்தியானங்களில் அப்பாவின் அறைக்குள் பேச்சுச் சத்தம் இன்னும் கேட்கிறது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"வர்றாளாப்பா?"

"வர்றா. தள்ளித்தான் உக்காந்திருக்கா. நெஞ்சு ஓடலை. பரவாயில்லை, பார்த்துக்கிட்டிருக்கேன்."

அந்த அறையைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. அந்த நாற்காலிக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாகப் போகலாம், ஆனால் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றித்தான் போகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அண்ணியும் சுற்றித்தான் போகிறார், பார்த்தேன்.